பியோங்யாங்கில் இன்னும் ஓடும் பழைய மெட்ரோ, டிராம், டிராலிபஸ்: ஏறிப் பயணிக்க என்ன வழி?

பச்சைக்கொடி

வணக்கம். பெர்லினில் ஓடி முடித்த மெட்ரோ பெட்டிகள், செக்கோஸ்லோவாக்கியா காலத்து டாட்ரா நிறுவன டிராம்கள், சூரிச்சிலிருந்து போன டிராம்கள் எல்லாம் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கில் சேர்ந்திருக்கின்றன. வெளிநாட்டவர் குழுப் பயணம் முழுமையாகத் திறக்கும்போது போக்குவரத்தை மட்டுமே மையமாக வைத்து ஒரு திட்டம் போட வேண்டும். சிலைகளையும் நினைவிடங்களையும் தவிர்க்க முடியாது, அது தெரியும்.

மெட்ரோவில் எந்தப் பாதையில் எந்த வண்டி ஓடுகிறது? டிராமிலும், மேலே ஓடும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பேருந்தான டிராலிபஸ்ஸிலும் நம்மை ஏற்றுவார்களா? ஏறிய வண்டி எந்த ரகம் என்று எப்படி அடையாளம் காண்பது? விசா, கேமரா விஷயத்தில் எங்கே சிக்கல் வரும்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

மூன்றாம்தடம்

மெட்ரோவிலிருந்து தொடங்குகிறேன்.

பாதைகள் இரண்டு. சொல்லிமா பாதை 1973-ல் திறந்தது, ஹியோக்சின் பாதை 1975-ல். சொல்லிமாவின் தெற்கு முனையில் உள்ள புஹுங், யொங்க்வாங் நிலையங்கள் 1987-ல் சேர்ந்தவை. அலங்காரத்தில் மிக ஆடம்பரமான நிலையங்கள் அவை இரண்டும்தான். வெகுகாலம் வெளிநாட்டவருக்குக் காட்டப்பட்டதும் அந்த ஒரே இடைவெளிதான்: புஹுங்கில் ஏறு, யொங்க்வாங்கில் இறங்கு. 2010-க்குப் பிறகு கூடுதல் நிலையங்களை அனுமதித்தார்கள். 2014 முதல் சிறப்புக் குழுக்கள் இரண்டு பாதைகளிலும் போக முடிந்தது. மொத்தம் 17 நிலையங்கள். மறைந்த தலைவர்களின் உடல்கள் வைக்கப்பட்டுள்ள கும்சுசான் மாளிகை அருகே உள்ள க்வாங்மியொங் 1995 முதல் மூடிக் கிடக்கிறது, வண்டி நிற்காமல் கடந்துவிடும்.

இனி வண்டிகள். முதலில் வந்தவை சீனாவின் சாங்சுன் தொழிற்சாலையில் செய்த டிகே4. அவற்றில் ஒரு பகுதி 1998-ல் பெய்ஜிங்குக்கே திரும்பிப் போனது. மிச்சம் ஹியோக்சின் பாதையில் ஓடுகிறது. 1990களின் இறுதியில் பெர்லினிலிருந்து இரண்டு ரகம் வந்தது. ஒன்று மேற்கு பெர்லினின் டி ரகம், செல்லப் பெயர் டோரா, முதல் வண்டிகள் 1957-ல் செய்தவை. இன்னொன்று கிழக்கு பெர்லினின் ஜிஐ, செல்லப் பெயர் கிசெலா. கிசெலாவை 2001-க்குள் சுரங்கத்திலிருந்து எடுத்து, நகரைச் சுற்றியுள்ள ரயில்வே தடங்களில் உள்ளூர் சேவைக்கு விட்டுவிட்டார்கள். ஆகவே சுரங்கத்தில் பெர்லின் வண்டி என்றால் இப்போது டோரா மட்டும்தான், அது சொல்லிமா பாதையில்.

இதோடு 2016 ஜனவரி 1 முதல் உள்நாட்டில் செய்த புதிய ரயிலும் சொல்லிமாவில் ஓடுகிறது. வழிகாட்டிகள் பெருமையாக அதில்தான் ஏற்றப் பார்ப்பார்கள். பழைய வண்டி தேடிப் போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "அடுத்த வண்டியில் போகலாம்" என்று நடைமேடையில் நின்றுகொண்டு கேட்டால் குழம்புவார்கள். முந்தின நாள் இரவே சொல்லி வைத்தால் ஒத்துக்கொள்வார்கள். கூட்டமில்லாத நேரத்தில் ஒரு வண்டியை விட்டால் ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும்.

பச்சைக்கொடி

நன்றி சார். டோராவை உள்ளே ஏறியதும் எப்படித் தெரிந்துகொள்வது? வெளியே சிவப்பும் வெளிர்நிறமும் அடித்து எல்லாம் ஒரே மாதிரி இருக்குமே?

மூன்றாம்தடம்

கதவைப் பாருங்கள். டோராவில் பயணி கைப்பிடியை இழுத்துத்தான் கதவைத் திறக்க வேண்டும், மூடுவது மட்டும் காற்றழுத்தத்தில் தானாக நடக்கும். நடைமேடையில் நிற்பவர் கை நீட்டிக் கதவைத் திறக்கிறார் என்றால் அது டோரா. ஆளில்லாத வாசலில் கதவு மூடியே இருக்கும். தானாகத் திறக்கும் என்று காத்திருந்தால் வண்டி போய்விடும்.

உள்ளே சுவரோரமாக நீள இருக்கைகள், மரப்பட்டை போன்ற மேற்பூச்சுப் பலகைகள். ஜன்னல் கண்ணாடியைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள்: பெர்லின் இளைஞர்கள் கூரான எதையோ வைத்துக் கிறுக்கிய பெயர்களும் எழுத்துகளும் அப்படியே இருக்கும். வண்டியின் வெளிப்புறம் முழுக்கப் பெயின்ட் அடித்தவர்கள் கண்ணாடியை மாற்றவில்லை. புகைப்படமெடுக்க ஃபிளாஷ் வேண்டாம், கீறல் மறைந்துவிடும். வண்டி நிலையத்தில் நிற்கும்போது நடைமேடை விளக்கு பின்னாலிருந்து விழுவதுதான் சரியான வெளிச்சம். பெட்டியின் முனைச் சுவரில் இரண்டு தலைவர்களின் படங்கள் இருக்கும். அவை சட்டகத்துக்குள் வந்தால் முழுதாக வரட்டும், பாதியில் வெட்டாதீர்கள்.

தொழில்நுட்பமாக ஒரு விஷயம். பெர்லினில் 750 வோல்ட், பியோங்யாங்கில் 825 வோல்ட் நேர்மின்சாரம் என்கிறார்கள். இது பத்து சதவீதம்தான் கூடுதல். 750 வோல்ட்டுக்கென வடிவமைத்த வண்டி 900 வரை தாங்க வேண்டும் என்பது இன்றைய ஐரோப்பிய விதி. தண்டவாள இடைவெளி இரண்டு ஊரிலும் 1435 மி.மீ. டோராவின் அகலம் 2.65 மீட்டர். பெர்லினின் பெரிய சுரங்கங்களுக்காகச் செய்தது என்பதால் இங்கேயும் பொருந்திவிட்டது.

கிசெலா கதை வேறு. அது பெர்லினின் சின்னச் சுரங்கத்துக்கானது, அகலம் சுமார் 2.30 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 35 செ.மீ., அதாவது ஒவ்வொரு பக்கமும் நடைமேடைக்கும் கதவுக்கும் நடுவே பதினேழு செ.மீ.க்கு மேல் பள்ளம் கூடும். நெரிசல் நேரத்தில் குழந்தையின் கால் முழுசாக இறங்கிவிடும் அளவு அது. பெர்லினிலேயே சின்ன வண்டியைப் பெரிய பாதையில் ஓட்டின காலங்களில் கதவுக்குக் கீழே பலகை அடித்துத்தான் ஓட்டினார்கள்.

டபுள்டெக்கர்

பழைய சந்தேகம் ஒன்று. அந்த மெட்ரோவில் உண்மையாக ஓடுவது இரண்டே நிலையங்கள்தான், பயணிகளெல்லாம் நடிகர்கள் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதை நம்பலாமா?

மூன்றாம்தடம்

நம்ப வேண்டியதில்லை. ஒரே இடைவெளியை மட்டும் காட்டிய காலத்தில் பிறந்த வதந்தி அது. 2014-க்குப் பிறகு வெளிநாட்டவர் இரண்டு பாதைகளின் மற்ற நிலையங்களிலும் இறங்கி ஏறிப் படமும் காணொளியும் எடுத்துவிட்டார்கள். மெட்ரோ தாஎதொங் ஆற்றின் மேற்குக் கரையில் மட்டுமே இருக்கிறது. கிழக்குக் கரையிலிருந்து வருகிறவர்கள் டிராம், டிராலிபஸ், பேருந்தில் ஆற்றைக் கடந்து வந்து மாறுகிறார்கள். அந்த மாற்ற இடங்களில் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே இது தினசரி வேலைக்குப் போகிற கூட்டம் என்று புரியும்.

மறைக்கிறார்கள் என்பதும் நடிக்கிறார்கள் என்பதும் ஒன்றல்ல. சுரங்கத்தைப் படமெடுக்கக் கூடாது, கீழே இறங்கியதும் வரும் தடித்த எஃகுக் கதவுகளை உற்றுப் படமெடுத்தால் ஆட்சேபிப்பார்கள். நிலையங்கள் 100 மீட்டருக்கும் மேல் ஆழம் என்கிறார்கள். எஸ்கலேட்டரில் இறங்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். போர்க்காலப் பதுங்கிடமாகவும் கட்டியது என்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு.

லூப்லைன்

டிராம் பத்தி நான் எழுதறேன். என் கணக்குல பியோங்யாங்ல மெட்ரோவை விட டிராம்தான் பெரிய விஷயம். மெட்ரோவுல மூணு ரகம். டிராம்ல டாட்ராவோட வரலாறே இருக்கு.

ஜப்பானியர் காலத்து டிராம் கொரியப் போரோட போச்சு. இப்ப இருக்கறது 1991 ஏப்ரல்ல புதுசா ஆரம்பிச்சது. அதுக்காகவே செக்கோஸ்லோவாக்கியாவுல செஞ்சு அனுப்பினது ரெண்டு ரகம்: மூணு துண்டா மடங்கற கேடி8டி5, ஒத்தை வண்டியான டி6பி5. பிறகு ஜெர்மனியில லைப்ஸிக், டிரெஸ்டன், மக்டபுர்க் ஊர்கள்ல கழிச்சுவிட்ட டி4டி வந்தது. 2008-ல பிராக் நகரத்துலேர்ந்து டி3 வந்தது.

இதுல பலரும் கவனிக்காதது கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி. பியோங்யாங் 1435 மி.மீ. மக்டபுர்க்கும் அதே. ஆனா டிரெஸ்டன் 1450, லைப்ஸிக் 1458. டிரெஸ்டன் வண்டியை அப்படியே இறக்கினா சக்கர விளிம்பு தண்டவாளத்து உள்பக்கம் உட்காராது. 15 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா தடம் பிரியற முதல் பாயின்ட்லயே தடம் புரளும். லைப்ஸிக் வண்டிக்கு 23 மி.மீ. குறைக்கணும். அச்சுல சக்கரத்தை உள்ளே தள்ளி மறுபடி அழுத்திப் பொருத்தணும், பிரேக் நேர்க்கோட்டையும் சரி பார்க்கணும். அதனால ஜெர்மன் டி4டி ஒண்ணைப் பார்த்தா அது பணிமனையில ஒரு பெரிய வேலை முடிஞ்சு வந்த வண்டின்னு வச்சுக்கங்க.

அடையாளம் காணறது சுலபம். டி4-ம் (டி4டி அதோட ஜெர்மன் வகை) டி3-ம் ஒரே முகம், வட்டமான மூக்கு. டி3 அகலம் 2.5 மீட்டர், டி4 2.2 மீட்டர். முன்னாலேர்ந்து பார்த்தா டி4 ஒல்லியா, உயரம் ஜாஸ்தி மாதிரி தெரியும். டி6பி5 பெட்டி மாதிரி நேர்க்கோடு. கேடி8டி5 முப்பது மீட்டர் நீளம், ரெண்டு முனையிலும் ஓட்டுநர் அறை, ரெண்டு பக்கமும் கதவு.

சத்தமும் கேட்டுப் பழகணும். டி3, டி4 நின்னுகிட்டிருக்கும்போதும் தரைக்கடியில ஒரு இரைச்சல் வரும், அது பேட்டரிக்கு மின்சாரம் தர்ற மோட்டார்-ஜெனரேட்டர். கிளம்பும்போது கடகடன்னு எதிர்ப்புச் சுருள் ஒவ்வொண்ணா விலகற சத்தம். டி6பி5-ல தைரிஸ்டர்ங்கற மின்னணுக் கட்டுப்பாடு, அதனால சீரா ஒரு ரீங்காரம்தான்.

பச்சைக்கொடி

லூப்லைன், வண்டிகளின் பக்கவாட்டில் சிவப்பு நட்சத்திரம் வரிசையாக இருக்கிறதே, அது என்ன?

லூப்லைன்

விபத்தில்லாம ஓடின 50,000 கிலோமீட்டருக்கு ஒரு நட்சத்திரம். டிராலிபஸ்லயும் உண்டு. இருபது நட்சத்திரம் எண்ணினீங்கன்னா பத்து லட்சம் கிலோமீட்டர். வண்டி எண்ணோட நட்சத்திர எண்ணிக்கையையும் சேர்த்துக் குறிச்சுக்கங்க. அடுத்து யாராவது போய் அதே வண்டியைப் பார்த்தா நடுவுல எவ்வளவு ஓடியிருக்குன்னு கணக்குப் போடலாம். வெளியிலேர்ந்து நமக்குக் கிடைக்கற நம்பகமான அளவு இது ஒண்ணுதான்.

மின்சாரம் குறைஞ்சா என்ன ஆகும்னு சொல்றேன், அங்கே அது சாதாரணம். கம்பியில வோல்ட்டேஜ் இறங்கினா மோட்டார்-ஜெனரேட்டர் வேகம் குறையும், 24 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகாது. முதல்ல உள்விளக்கு மங்கும். அப்புறம் மின் இணைப்பைச் சேர்த்துப் பிரிக்கற கான்டாக்டர்கள் ஒட்டாம படபடன்னு அடிக்கும், வண்டி குலுங்கிக் குலுங்கிக் கிளம்பும். அந்த நிலையில ஓட்டுநர் வண்டியை நிறுத்திட்டுக் காத்திருப்பார், அதுதான் சரி. ஏன்னா டி3 குடும்பத்துல காற்றுப் பிரேக்கே கிடையாது. ஓட்டத்துல மோட்டாரையே ஜெனரேட்டரா மாத்திப் பிரேக், கடைசியில இயந்திரப் பிரேக், அவசரத்துக்குத் தண்டவாளத்துல ஒட்டற காந்தப் பிரேக். காந்தத்துக்குப் பேட்டரி வேணும். பேட்டரி இறங்கின வண்டியை ஓட்டறது கடைசிப் பாதுகாப்பைக் கழட்டிட்டு ஓட்டற மாதிரி.

கேங்மேன்

தம்பி எழுதியது சரி. டிராலிபஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பியோங்யாங்கில் டிராலிபஸ் 1962 ஏப்ரல் 30 முதல் ஓடுகிறது. பெரும்பாலும் உள்ளூர்த் தொழிற்சாலையின் சொல்லிமா வண்டிகள் (மெட்ரோ பாதைக்கும் இதே பெயர்தான்). ஹங்கேரியின் இக்காரஸ் 280 இணைப்புப் பேருந்துகளை டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றியதும் உண்டு. இக்காரஸில் எஞ்சின் முன்துண்டின் தரைக்கடியில், இயக்கம் நடு அச்சில். பின்துண்டு இழுபட்டுத்தான் வரும். மோட்டாரை அதே இடத்தில் வைத்து மாற்றிய வண்டியிலும் ஓட்டம் அப்படித்தான். கடைசி இருக்கையில் உட்கார்ந்தால் திருப்பங்களில் ஆட்டம் தெரியும். காதால் ரசிக்க வேண்டுமென்றால் நடு அச்சுக்கு மேலே உட்காருங்கள்.

கூரையிலிருந்து மேலே மின்கம்பியைத் தொட்டபடி வரும் கழிகள் நழுவுவதை அடிக்கடி பார்ப்பீர்கள். காரணங்கள் நாலு: சந்திப்புகளில் வேகம் கூடுதல், கம்பியிலிருந்து வண்டி நாலு மீட்டருக்கு மேல் விலகுவது, கழிமுனைக் காலணியின் கரித்துண்டு தேய்ந்தது, கோடையில் கம்பி தொய்வது. மழையிலும் பனியிலும் கரித்துண்டு வெகு சீக்கிரம் தேயும். நழுவினால் ஓட்டுநரோ நடத்துநரோ பின்னால் ஓடிவந்து கயிற்றை இழுத்துக் கழியைத் தாழ்த்தி மறுபடி கம்பியில் ஏற்றுவார். இரண்டு கழிகளையும் ஏற்ற ஒரு நிமிடம் போதும். அப்போது வண்டிக்குப் பின்னால் போய் நிற்காதீர்கள், துள்ளும் கழி தலையில் அடிக்கும்.

டிராம் கம்பியும் டிராலிபஸ் கம்பியும் குறுக்கிடும் இடத்தில் மின்சாரமில்லாத ஒரு துண்டு இருக்கும். அங்கே ஓட்டுநர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு உருளவிடுவார். வேகம் போதாமல் அந்தத் துண்டுக்குள் நின்றுபோனால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். நகர நடுவில் வண்டியை ஆட்கள் தள்ளுகிற காட்சிகளில் சிலவற்றுக்குக் காரணம் மின்வெட்டே இல்லை, இதுதான். அதைப் படமெடுக்கக் கூடாது என்பார்கள், மதித்துவிடுங்கள்.

டபுள்டெக்கர்

சரி, ஆனால் ஏறவிடுவார்களா? அதுதானே முதல் கேள்வி.

லூப்லைன்

சாலையில போற டிராம்ல நீங்களா கைகாட்டி ஏற முடியாது. கொரிய வழிகாட்டி இல்லாம ஹோட்டல் வாசலைத் தாண்டவே முடியாது. ஏறறதுக்கு வழி, குழுவுக்குன்னு தனி வண்டி அமர்த்தறது. டிராமும் டிராலிபஸ்ஸும் அப்படிக் கிடைச்சிருக்கு. பயண ஏற்பாட்டாளர் மூலமா, நாட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு, யூரோவிலோ யுவானிலோ கட்டணும். ரகத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்க. "ஒரு டிராம்"னு கேட்டா பணிமனையில புதுசா எது பளபளன்னு நிக்குதோ அதைக் குடுப்பாங்க. 2018-க்குப் பிறகு உள்நாட்டுல செஞ்ச புது டிராமும் இருக்கறதால இந்த ஆபத்து ஜாஸ்தி.

கேங்மேன்

தனி வண்டியில் போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆளில்லாத வண்டி பாரமேறிய வண்டி போல ஓடாது. ஸ்பிரிங் விறைத்து நிற்கும், கிளம்புவதும் நிற்பதும் வேறு மாதிரி இருக்கும். பொதுப் போக்குவரத்து என்றால் பொதுமக்களும் இருக்க வேண்டும். நெரிசலான ஊரில் ஒரு வண்டியைச் சேவையிலிருந்து எடுத்து நமக்காக ஓட்டுவதும் சரியாகப் படவில்லை.

லூப்லைன்

அண்ணே, நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. அதனாலதான் நெரிசல் நேரத்துல கேட்காதீங்கன்னு சொல்லுவேன். காலை பத்துக்கு மேல, மாலை நாலுக்கு முன்னாடி. ஆனா தனி வண்டியிலதான் ஓட்டுநர் அறைக்குப் பின்னால நின்னு மிதிகளைப் பார்க்க முடியும், நடுவுல நிறுத்தி வெளியிலேர்ந்து படமெடுக்க முடியும். மக்களோட சேர்ந்து போற அனுபவத்துக்கு மெட்ரோ இருக்கு, அது வழக்கமான சேவை வண்டிதான். ரெண்டையும் எடுத்துக்கறதுதான் என் யோசனை.

மூன்றாம்தடம்

சூரிச் வண்டிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. சாம்ஹுங் மெட்ரோ நிலையத்திலிருந்து கும்சுசான் மாளிகைக்குப் போகும் குட்டிப் பாதை அது. மற்ற டிராம் பாதைகளோடு இணைப்பே இல்லை, ஏனென்றால் அது மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர். சூரிச்சும் மீட்டர் கேஜ் என்பதால் வண்டிகள் சக்கரத்தைத் தொடாமலே பொருந்தின. 1990களின் நடுவில் போனவை. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளின் வடிவமைப்பு, ஓட்டுநர் கையால் சுழற்றும் கட்டுப்பாட்டுக் கருவி. வயதில் அந்த ஊரின் டிராம்களில் இவைதான் மூத்தவை.

ஏறுவது கடினம். மாளிகைக்கு வரும் உள்ளூர் மக்களுக்கான சேவை அது. வெளிநாட்டுக் குழுக்கள் பேருந்தில் வேறு வாசலுக்குப் போகும். மாளிகைப் பயணத்தன்று பேருந்தின் எந்தப் பக்கம் டிராம் தடம் வரும் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டு அந்தப் பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஏற்பாட்டாளரிடம் கோரிக்கை வைப்பதில் தவறில்லை, ஆனால் திட்டத்தை அதை நம்பிப் போடாதீர்கள்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொங்ஜினில் 1999 முதல் டிராம் உண்டு, டிராலிபஸ்ஸும் உண்டு. ஹம்ஹுங்கில் டிராலிபஸ்ஸும், தொழிற்சாலைத் தொழிலாளருக்கான 762 மி.மீ. குறுகிய ரயிலும். இரண்டுக்கும் அனுமதி வாங்குவது பியோங்யாங்கை விடக் கடினம்.

சிராங்கூன்வாசி

விசா, சுங்கம் பற்றி.

2020 ஜனவரியில் எல்லை மூடியது. 2024 பிப்ரவரியில் ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளை விட்டார்கள். 2025 பிப்ரவரியில் வடகிழக்கு மூலையிலுள்ள ராசொன் பகுதியை மற்ற வெளிநாட்டவருக்கும் திறந்து, சில வாரங்களிலேயே மூடினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பியோங்யாங் மாரத்தானுக்கு வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் வந்தார்கள். ஆகவே முன்பணம் கட்டும்போது, திறக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெய்ஜிங் வரையிலான விமான டிக்கெட்டை அனுமதி உறுதியான பிறகு எடுங்கள்.

குழு விசாவைப் பெரும்பாலும் ஏற்பாட்டாளரே எடுத்துத் தருவார். அது தனி அட்டையாக வரும், பாஸ்போர்ட்டில் ஒட்டமாட்டார்கள். சீனாவுக்குள் இரண்டு முறை நுழைய வேண்டியிருக்கும். சீன விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் இருமுறை நுழைவு விசா கேளுங்கள். ஒருமுறை விசாவோடு போய்த் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. அமெரிக்க பாஸ்போர்ட்டில் போக 2017 செப்டம்பர் முதல் அந்நாட்டு அரசே தடை விதித்திருக்கிறது.

சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். 2011 மார்ச் 1-க்குப் பிறகு வட கொரியா போய் வந்தவர் விசா இல்லாமல் அமெரிக்கா போகும் இணைய அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியாது, தூதரகத்தில் முழு விசா எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை என்று மறைக்காதீர்கள், படிவத்தில் நேரடியாகவே கேட்பார்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு எப்படியும் முழு விசாதான், அதனால் இந்தச் சிக்கல் இல்லை.

கொண்டுபோகக் கூடாதவை: தனி ஜிபிஎஸ் கருவி, மிக நீண்ட டெலி லென்ஸ், மத நூல்கள், கொரியா பற்றிய பயண நூல்கள், தென்கொரிய நாடகமோ பாட்டோ உள்ள மெமரி கார்டு. கைப்பேசியையும் மடிக்கணினியையும் சுங்கத்தில் திறந்து பார்ப்பார்கள். வண்டி வரைபடங்கள், தட வரைபடங்களை அச்செடுத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோகாதீர்கள். போக்குவரத்து ஆர்வம் என்று நமக்குத் தெரியும், சுங்க அதிகாரிக்கு அது உளவு வேலையாகத் தெரியும். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். அதிலும் வண்டி எண்களை வழிகாட்டியிடம் காரணம் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

படைவீரர், கட்டுமான வேலை, சோதனைச்சாவடி ஆகியவற்றைப் படமெடுக்கக் கூடாது. வண்டிக்குள் சீருடைக்காரர் நிறையப் பேர் இருப்பார்கள், கேமராவைத் தூக்கும் முன் சட்டகத்தைப் பாருங்கள். நீங்கள் மீறினால் முதலில் மாட்டுவது உங்களுக்காகப் பொறுப்பேற்ற வழிகாட்டி. இதை நினைவில் வைத்தால் மற்ற விதிகள் தானாகவே சரியாகிவிடும்.

பச்சைக்கொடி

சார், பெர்லினில் பழக்கமுள்ளவர்களிடமிருந்து டோராவுக்கோ டாட்ராவுக்கோ மோட்டார் கார்பன், கான்டாக்டர் முனை போன்ற சின்ன உதிரிகளைப் பரிசாகக் கொண்டுபோகலாமா? பணிமனைக்காரர்கள் மகிழ்வார்களே?

மூன்றாம்தடம்

கூடவே கூடாது. 2017 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2397-ஆம் தீர்மானம் இயந்திரங்கள், மின்கருவிகள், வாகனங்களை வட கொரியாவுக்குக் கொடுப்பதைத் தடை செய்கிறது. சுங்கப் பட்டியலில் 84 முதல் 89 வரையிலான அத்தியாயங்கள் அதில் அடக்கம். 86-ஆம் அத்தியாயமே ரயில், டிராம் வண்டிகளும் உதிரிகளும்தான். பரிசு, விற்பனை என்ற பேதம் கிடையாது. மாட்டினால் உங்கள் நாட்டுச் சட்டப்படி வழக்கு.

பெர்லினிலிருந்தும் பிராக்கிலிருந்தும் வந்தது போல இனி ஒரு பழைய வண்டி அங்கே போகாது என்பதும் இதனால்தான். உதிரிக்கு வழி இரண்டு: தாங்களே செய்வது, அல்லது ஒரு வண்டியைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடுவது. கழற்றக் கழற்ற எண்ணிக்கை குறையத்தான் செய்யும், அதனால் டோராவுக்கு முதலிடம் கொடுங்கள் என்கிறேன். டாட்ராக்கள் எண்ணிக்கையில் அதிகம், இன்னும் சில காலம் தாங்கும்.

டபுள்டெக்கர்

போக முடியாதவர்களுக்கு வேறு எங்கே இந்த வண்டிகள் கிடைக்கும்?

லூப்லைன்

டி3-க்கு பிராக் போங்க. அங்கே 23-ம் எண் பாதையில பழைய டி3 வண்டிகளையே ஓட்டறாங்க, சாதாரண டிக்கெட் போதும். சூரிச் பழைய டிராம்களுக்கு அந்த ஊர் டிராம் அருங்காட்சியகத்தோட 21-ம் எண் ஓட்டம் இருக்கு, குறிப்பிட்ட நாள்ல மட்டும். டோரா பெர்லின்ல மறுபடி கொஞ்ச நாள் ஓடுச்சு: பெட்டிப் பற்றாக்குறையால சிலதைச் சரி பண்ணி யூ55-ங்கற தனித்துண்டுப் பாதையில விட்டாங்க. 2020 மார்ச்ல அந்தப் பாதையில ஓட்டம் நின்னது, டிசம்பர்ல அது யூ5-ஓட சேர்ந்துடுச்சு, டோரா ஓட்டமும் அதோட முடிஞ்சுபோச்சு. அதனால சேவையில டோரா வேணும்னா பியோங்யாங்தான்.

பச்சைக்கொடி

எல்லோருக்கும் நன்றி. ஏற்பாட்டாளருக்கு அனுப்பும் கோரிக்கையில் என்ன எழுத வேண்டும் என்று யாராவது வரிசைப்படுத்தித் தந்தால் அப்படியே அனுப்பிவிடுவோம்.

மூன்றாம்தடம்

இதை அனுப்புங்கள்:

"மெட்ரோ: சொல்லிமா பாதையில் புஹுங் முதல் சொனு வரை, முடிந்தவரை பழைய பெர்லின் வண்டியில். யொங்க்வாங், கேசொன் இரண்டிலும் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருக்க அனுமதி. சொனுவிலிருந்து நடந்து சொன்சுங்கில் மாறி, ஹியோக்சின் பாதையில் க்வாங்போக் வரை, டிகே4 வண்டியில். மொத்தம் மூன்று மணி நேரம், நெரிசலற்ற வேளையில். டிராம்: தனி வண்டி, டி4டி அல்லது டி3, இரண்டும் இல்லையென்றால் கேடி8டி5. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நடுவில் படமெடுக்க இரண்டு நிறுத்தம். டிராலிபஸ்: தனி வண்டி, பழைய சொல்லிமா அல்லது இக்காரஸ்."

குழுவில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் நடைமேடையில் வழிகாட்டிகள் பதற்றமாகி முதல் வண்டியிலேயே ஏற்றிவிடுவார்கள். டோராவில் ஏறும்போது ஒருவர் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொள்ள மற்றவர்கள் ஏறுங்கள். அது மூடும் வேகம் புதிய வண்டிகளைப் போல மென்மையாக இருக்காது.

கேங்மேன்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: இக்காரஸ் கேட்கும்போது "இணைப்பு வண்டி" என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் டீசலில் ஓடும் ஒற்றை இக்காரஸ் பேருந்தை அனுப்பிவிடுவார்கள், அதிலும் பழையது உண்டு.